13 அணிகளுக்கு ஆடிய இஷ் ஸ்மித்: விடப்பட்டவரா, வேண்டப்பட்டவரா?

கேள்வி: கடைசிப்பெஞ்சு

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏ-வில் மிக அதிகமான அணிகளுக்கு ஆடியவர் என்ற சாதனை இஷ் ஸ்மித்தின் பெயரில் இருக்கிறது. 2010-ல் ஹூஸ்டனில் தொடங்கிய அவர் மெம்பிஸ், கோல்டன் ஸ்டேட், ஓர்லாண்டோ, மில்வாக்கி, பீனிக்ஸ், ஓக்லஹோமா சிட்டி, பிலடெல்பியா, நியூ ஆர்லியன்ஸ், டெட்ராய்ட், வாஷிங்டன், சார்லட் என்று சுற்றி, 2022 அக்டோபரில் டென்வருக்காகக் களமிறங்கியபோது அது அவருக்கு 13-வது அணி. அதுவரை சக்கி பிரவுன், டோனி மாசன்பர்க், ஜிம் ஜாக்சன், ஜோ ஸ்மித் ஆகிய நால்வர் தலா 12 அணிகளோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள்.

லீகில் இருப்பவை 30 அணிகள். அவற்றில் 13 அணிகள் ஒருவரை வேண்டும் என்று எடுத்து, பிறகு விட்டும் இருக்கின்றன. ஆட்டத்தில் பெருங்குறை இருந்திருந்தால் மூன்றாவது அல்லது நான்காவது அணியோடு அவருடைய கதை முடிந்திருக்கும். குறிப்பிடத்தக்க திறமை இருந்திருந்தால் யாராவது ஒருவர் பிடித்து வைத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டும் நடக்காமல் ஒருவர் 14 சீசன்கள் எப்படி நீடித்தார் என்பது எனக்கு விளங்கவில்லை. என் நண்பர்கள் "ராசியில்லாதவர்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஒப்பந்த விதிகளையும் அவருடைய ஆட்டத்தையும் நன்கு அறிந்தவர்கள் விளக்கினால் மகிழ்ச்சி.

பதில்: கணக்குப்பிள்ளை

ஓர் அணி ஒருவரை விட்டுவிட்டால் அவர் வேண்டாதவராகிவிட்டார் என்று நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். பெரிய ஊதியம் வாங்குபவர் விஷயத்தில் இது ஓரளவு சரியாக இருக்கலாம். குறைந்த ஊதியக்காரர் விஷயத்தில் பெரும்பாலும் பொருந்தாது. ஸ்மித்தின் இடமாற்றங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், அவற்றில் பல அவரைப் பற்றிய முடிவே அல்ல என்பது தெரியும்.

முதலில் அவர் உள்ளே வந்த வழியைப் பார்க்க வேண்டும். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் ஆடினார். அங்கே மொத்த அசிஸ்ட்டுகளில் (சக ஆட்டக்காரர் புள்ளி எடுக்கும்படி கொடுத்த பந்துகளில்) மக்ஸி போக்ஸுக்கு அடுத்த இடம் அவருக்கு. ஆனாலும் 2010 டிராஃப்டில் (புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் ஆண்டுத் தேர்வில்) அழைக்கப்பட்ட 60 பெயர்களில் அவர் பெயர் இல்லை. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவருக்கு முதல் இரண்டு ஆண்டுகளின் ஊதியம் உறுதி. அதைவிட முக்கியமாக, அவரைத் தேர்ந்தெடுத்த மேலாளரின் பெயரும் அவரோடு சேர்ந்து பணயத்தில் இருக்கும். ஆகவே அவர் தடுமாறினாலும் ஆண்டுக்கணக்கில் பொறுத்துப் பார்ப்பார்கள். டிராஃப்டில் எடுக்கப்படாதவருக்கு அப்படி ஒருவரும் இல்லை. அவர் நன்றாக ஆடினால் ஆதாயம். ஆடாவிட்டால் அதற்காக எவருக்கும் வேலை போகப்போவதில்லை.

அடுத்து, பரிமாற்ற விதி. ஊதிய உச்சவரம்புக்கு (அணியின் மொத்த ஊதியத்துக்கு லீக் வைக்கும் எல்லைக்கு) மேலே இருக்கும் அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளும்போது இரு பக்கத்து ஊதியங்களும் ஏறக்குறைய ஈடாக இருக்க வேண்டும். அணியில் இருக்கக்கூடிய 15 இடங்களின் கணக்கும் இடிக்கக் கூடாது. இந்த இரண்டையும் சரிக்கட்டச் சிறிய ஒப்பந்தக்காரர் ஒருவர் கையோடு போவார், காய்கறி வாங்கும்போது கூடவே வரும் கொசுறைப் போல. 2011 பிப்ரவரியில் மெம்பிஸ் விரும்பியது ஷேன் பேட்டியரை. ஹூஸ்டன் விரும்பியது 2009 டிராஃப்டின் இரண்டாவது தேர்வான ஹஷீம் தபீட்டையும் ஒரு முதல் சுற்றுத் தேர்வுரிமையையும் (டிராஃப்டின் முதல் சுற்றில் ஒருவரை எடுக்கும் உரிமையையும்). பேட்டியரோடு ஸ்மித்தும் போனார். 2013 பிப்ரவரியில் மில்வாக்கி கேட்டது ஓர்லாண்டோவின் ஜே.ஜே. ரெடிக்கை, அவரோடு ஸ்மித்தும் போனார். அதே ஆண்டு ஆகஸ்டில் மில்வாக்கிக்குக் கேரன் பட்லர் தேவைப்பட்டார். ஈடாகப் பீனிக்ஸுக்கு அனுப்பப்பட்ட இருவரில் ஒருவர் ஸ்மித். மூன்று பரிமாற்றங்களிலும் செய்தித் தலைப்பில் வேறொருவர் பெயர்தான் இருந்தது. (மில்வாக்கி அந்த ஜூனில்தான் யானிஸ் அன்டெடோகூன்போவைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஒரு சீசன் தங்கியிருந்தால் ஸ்மித் அவருக்கும் பந்து கொடுத்திருப்பார்.)

மூன்றாவது, ஒப்பந்தத்தின் உறுதி. குறைந்தபட்ச ஊதிய ஒப்பந்தங்கள் பலவற்றில் முழுத் தொகைக்கு உத்தரவாதம் இருக்காது. ஜனவரி 10 வரை அணியில் இருந்தால்தான் அந்த சீசனின் ஊதியம் முழுவதும் உறுதியாகும். ஆகவே டிசம்பர் மாதமும் ஜனவரியின் முதல் வாரமும் இத்தகையவர்களுக்குக் கண்டம். கழற்றிவிடப்பட்டவர் 48 மணி நேரம் பொதுப் பட்டியலில் இருப்பார். அதற்குள் வேறோர் அணி விரும்பினால் அதே ஒப்பந்தத்தோடு அவரை எடுத்துக்கொள்ளலாம். 2014 டிசம்பரில், மீண்டும் தன்னிடம் வந்திருந்த ஸ்மித்தை ஹூஸ்டன் கழற்றிவிட, ஓக்லஹோமா சிட்டி எடுத்துக்கொண்டது. 2015 பிப்ரவரி 19 அன்று அங்கிருந்து நியூ ஆர்லியன்ஸுக்கு மாற்றப்பட்டார். அவர்கள் அவரைக் களத்தில் இறக்காமலேயே விடுவித்தார்கள், பிலடெல்பியா எடுத்துக்கொண்டது. இரண்டு மாதங்களுக்குள் நான்கு அணிகளின் ஏடுகளில் ஒருவர் பெயர். இதில் எந்த இடத்தில் அவருடைய ஆட்டம் தீர ஆராயப்பட்டிருக்க முடியும்?

உங்கள் ஐயத்துக்கு நேரான விடை அடுத்து வந்த பத்து மாதங்களில் இருக்கிறது. பிலடெல்பியாவில் அந்த சீசனின் எஞ்சிய ஆட்டங்களை நன்றாகவே ஆடினார். கோடையில் அணி அவரை மீண்டும் ஒப்பந்தம் செய்யவில்லை. வாஷிங்டனின் பயிற்சி முகாமுக்குப் போனார். சீசன் தொடங்கும் முன் அங்கும் விடப்பட்டார். அதன் பிறகு நியூ ஆர்லியன்ஸ் அவரைச் சேர்த்து, இம்முறை உண்மையிலேயே ஆடவைத்தது. இதற்கிடையில் பிலடெல்பியா முதல் 18 ஆட்டங்களிலும் தோற்று, லேக்கர்ஸை ஒருமுறை வென்று, மீண்டும் தோற்கத் தொடங்கி 31 ஆட்டங்களில் ஒரே வெற்றி என்ற நிலைக்கு வந்திருந்தது. ஜலீல் ஓகஃபோர், நெர்லன்ஸ் நோயல் என்று முதல் சுற்றில் எடுக்கப்பட்ட நெடிய இளைஞர்கள் இருவர் இருந்தார்கள். அவர்களுக்கு உரிய இடத்தில், உரிய நொடியில் பந்தைக் கொண்டுசேர்க்க அனுபவமுள்ள பாயிண்ட் கார்டு (பந்தை முன்னே கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்) இல்லை. 2015 டிசம்பர் 24 அன்று பிலடெல்பியா இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுரிமைகளைக் கொடுத்து ஸ்மித்தை வாங்கியது. ஆறு மாதத்துக்கு முன் செலவே இல்லாமல் வைத்துக்கொண்டிருக்கக்கூடிய அதே ஆளைத்தான் விலை கொடுத்து வாங்கினார்கள். அவர் வந்து ஆடிய முதல் ஆட்டத்திலேயே பீனிக்ஸை வென்றார்கள். சீசனை 10 வெற்றி, 72 தோல்வி என்று முடித்தார்கள். அதாவது 31 ஆட்டங்களில் ஒன்று, அடுத்த 51 ஆட்டங்களில் ஒன்பது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாதுதான். ஆனால் அந்த அணியோடு ஒப்பிட வேறு அளவுகோல் கிடையாது.

இதற்கு அடுத்த கோடையில் அவருக்கு ஒரு நல்ல காலம் வாய்த்தது. புதிய தொலைக்காட்சி ஒப்பந்தப் பணம் வந்து சேர்ந்ததால் ஊதிய உச்சவரம்பு 7 கோடி டாலரிலிருந்து ஒரே ஆண்டில் 9.4 கோடிக்கு மேல் தாவியது. எல்லா அணிகளிடமும் திடீரெனப் பணம் இருந்தது. டெட்ராய்ட் அவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு 1.8 கோடி டாலர் கொடுத்தது. அந்த மூன்று ஆண்டுகளும் அவர் எங்கும் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். பின்னர் வாஷிங்டன் கொடுத்த இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தையும் அங்கேயே முடித்தார். ஊதியம் உயர்ந்து, அதற்கு உறுதியும் கிடைத்த ஐந்து ஆண்டுகளில் அவர் இரண்டே அணிகளில்தான் இருந்திருக்கிறார். மற்ற பதினொன்றையும் முன்னும் பின்னும் வந்த ஒன்பது சீசன்களில்தான் சேர்த்தார். நான் இந்தக் கணக்கை வைத்துச் சொல்கிறேன்: 13 என்ற எண் அவருடைய ஆட்டத்தின் தரத்தைக் காட்டிலும் அவருடைய ஒப்பந்தங்களின் தன்மையைத்தான் அதிகம் அளக்கிறது.

பதில்: டெட்ராய்ட்வாசி

கணக்குப்பிள்ளை அவர்கள் சொன்னது பெரும்பாலும் சரியே. ஆனால் எல்லாவற்றையும் ஒப்பந்தத்தின் தலையில் கட்டிவிட முடியாது. டெட்ராய்ட் புறநகர் ஒன்றில் வசிப்பவன் என்ற முறையில் அவர் இங்கே ஆடிய மூன்று ஆண்டுகளும் அரங்கத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். முதல் ஆண்டு ஆபர்ன் ஹில்ஸின் பேலஸ் அரங்கம். அடுத்த இரண்டும் நகரின் நடுவில் புதிதாகத் திறக்கப்பட்ட லிட்டில் சீசர்ஸ் அரங்கம்.

அவருடைய ஆட்டத்தில் மறக்க முடியாதது ஒன்று உண்டு. எதிரணி பந்தைக் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பி ஓடத் தொடங்கும் முன்பே இவர் நடுக்கோட்டைக் கடந்திருப்பார். கூடையை நோக்கிப் பாய்ந்து, எறிவதற்கு வழியில்லை என்று கண்டால் நிற்க மாட்டார். பந்தைத் தட்டியபடியே கூடைக்கு அடியில் நுழைந்து, எல்லைக்கோட்டை ஒட்டி வளைந்து, மறுபக்கம் வெளியே வருவார். துரத்தி வந்தவர் ஒரு கணம் தயங்கி நிற்பார். அந்த இடைவெளியில் 15 அடி தொலைவிலிருந்து சட்டென்று நின்று எறிவார். ஆறடி உயரமே உள்ளவர், இரண்டு ஆறடி பத்தங்குலக்காரர்களுக்கு நடுவே இதைச் செய்வதைப் பார்க்கும்போது அரங்கமே சிரிக்கும்.

அதே ஆட்டத்தில்தான் அவருடைய குறையும் இருந்தது. அவர் ஆடிய ஆண்டுகளில்தான் என்பிஏ முழுவதும் மூன்று புள்ளி எறிதலை நோக்கித் திரும்பியது. ஸ்மித் தொலைவிலிருந்து நம்பி எறியக்கூடியவர் அல்லர். எதிரணிக்கு இது தெரியும். சக ஆட்டக்காரர் காப்பவரின் வழியை மறிக்கத் திரையாக வந்து நிற்கும்போது, இவரைக் காப்பவர் திரைக்கு வெளியே சுற்றி வர வேண்டிய தேவையில்லை. உள்பக்கமாகவே நழுவி வந்து வழியை அடைத்துக்கொள்ளலாம். 82 ஆட்டங்கள் நடக்கும் வழக்கமான சீசனில், எதிரணிகளுக்கு ஆயத்தம் செய்ய நேரமில்லாத இரவுகளில், அவருடைய வேகம் இந்தக் குறையை மூடிவிடும். ஒரே எதிரணியை இரண்டு வாரம் தொடர்ந்து சந்திக்கும் பிளே-ஆஃபில், அதாவது பட்டத்துக்கான வெளியேற்றச் சுற்றில், மூட முடியாது. 2019-ல் மில்வாக்கி எங்களை நான்குக்குப் பூஜ்யம் என்று வீட்டுக்கு அனுப்பியது. அது ஸ்மித்தின் தவறால் அல்ல. எங்கள் நட்சத்திர ஆட்டக்காரர் பிளேக் கிரிஃபின் முதல் இரண்டு ஆட்டங்களை ஆடவே இல்லை, அந்த அணிக்கு முன் எங்களுக்கு வழியே இருக்கவில்லை. ஆனால் எதிரணி ஸ்மித்தை எவ்வளவு தாராளமாகத் தொலைவில் விட்டுவைத்தது என்பதைப் பார்த்தவர்களுக்கு, ஏன் பட்டம் வெல்ல விரும்பும் அணிகள் அவரை முதன்மை பாயிண்ட் கார்டாக வைத்துக்கொள்ளவில்லை என்பது புரிந்திருக்கும்.

ஆகவே என் கணிப்பு இது. அவருக்கான தேவை உண்மையானது, ஆனால் அதன் காலம் குறுகியது. 2016-17 தொடக்கத்தில் எங்கள் முதன்மை பாயிண்ட் கார்டு ரெஜி ஜாக்சனின் முழங்கால் பழுதானது. முதல் 21 ஆட்டங்களில் ஸ்மித்தான் தொடங்கினார். 2017 டிசம்பர் இறுதியில் ஜாக்சனின் கணுக்கால் பிசகியது; மீண்டும் ஸ்மித். இத்தகைய வேளையில் அணிக்கு ஒரு ஆள் வேண்டும், அதுவும் நாளைக்கே வேண்டும். பயிற்சியாளரின் ஆட்டத்திட்டங்களை ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்து, யார் யாருக்குப் பந்து எந்தக் கையில் வர வேண்டும் என்று தெரிந்துகொண்டு, 20 நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் முகம் கோணாமல் எழுந்துபோய் ஆடக்கூடியவர்கள் மிகச் சிலரே. முதன்மை ஆட்டக்காரர் குணமாகித் திரும்பியதும் அந்தத் தேவை முடிந்துவிடும். அதே வேளையில் வேறோர் ஊரில் வேறொருவருக்குக் காயம் பட்டிருக்கும்.

பதில்: பழைய ஸ்கோர்புக்

இருவரும் எழுதியதை ஆர்வத்தோடு படித்தேன். எனினும் இந்தச் சாதனையைக் கொண்டாடும் தொனி எனக்கு முழுவதும் ஒப்பவில்லை. 12 அணிக்காரர்கள் நால்வரையும் ஒரே பட்டியலில் அடைப்பதே தவறு.

சக்கி பிரவுனும் டோனி மாசன்பர்க்கும் ஸ்மித்தின் வகை. இருவரும் இரண்டாம் சுற்றில், அடுத்தடுத்த ஆண்டுகளில், 1989-லும் 1990-லும், அதே 43-வது தேர்வாக எடுக்கப்பட்டவர்கள் என்பது ஒரு வேடிக்கையான ஒற்றுமை. பிரவுன் 1995-ல் ஹூஸ்டனோடு பட்டம் வென்றார். மாசன்பர்க் தன்னை முதலில் எடுத்த சான் அன்டோனியோவுக்கே கடைசி சீசனில் திரும்பி வந்து 2005-ல் வென்றார். ஓரத்தில் தொடங்கி ஓரத்திலேயே நிலைத்தவர்கள் இவர்கள்.

ஜிம் ஜாக்சனும் ஜோ ஸ்மித்தும் அப்படியல்லர். ஜாக்சன் 1992-ல் நான்காவது தேர்வு. ஜோ ஸ்மித் 1995-ல் முதல் தேர்வு, அதாவது அந்த ஆண்டு நாட்டிலேயே சிறந்த இளைஞர் என்று கருதப்பட்டவர். அவர் ஊர் ஊராக அலையத் தொடங்கியதற்கு ஒரு காரணம் அணி நிர்வாகத்தின் தந்திரம். 1999-ல் மினசோட்டா அவரை 17.5 லட்சம் டாலர் என்ற, அவர் தகுதிக்கு மிகக் குறைந்த ஓராண்டு ஊதியத்துக்குச் சேர்த்தது. அப்படிச் சில சிறிய ஓராண்டு ஒப்பந்தங்களில் இருந்தால், உச்சவரம்பைத் தாண்டியும் சொந்த ஆட்டக்காரருக்குப் பெருந்தொகை தரலாம் என்ற விதிவிலக்கு பொருந்தும், அப்போது 8.6 கோடி டாலர் வரை தருவதாக ரகசியமாக எழுதிக்கொடுத்திருந்தார்கள். அவருடைய முகவர்கள் தங்களுக்குள் வழக்காடியபோது அந்தக் கடிதம் வெளியே வந்துவிட்டது. 2000-ல் லீக் மினசோட்டாவுக்கு 35 லட்சம் டாலர் அபராதம் விதித்து, ஐந்து முதல் சுற்றுத் தேர்வுரிமைகளைப் பறித்தது. அவற்றில் இரண்டு பின்னர் திருப்பித் தரப்பட்டன. ஆட்டக்காரரின் ஒப்பந்தமும் ரத்தானது. அவர் டெட்ராய்ட்டுக்குப் போய் ஓர் ஆண்டு ஆடிவிட்டு மினசோட்டாவுக்கே திரும்பினார். அதன் பிறகு எட்டு புதிய ஊர்கள். அணிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு ஜோ ஸ்மித்தும் இஷ் ஸ்மித்தும் ஒன்றுதான். ஒருவர் மேலிருந்து இறங்கி வந்தவர், மற்றவர் கீழே விழாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் பேசுவது தப்பிப் பிழைத்தவர்களைப் பற்றி மட்டுமே. ஜனவரி 5 முதல் அணிகள் பத்து நாள் ஒப்பந்தம் கொடுக்கலாம். ஒரே அணி ஒருவருக்கு ஒரு சீசனில் இரண்டு முறைதான் அப்படிக் கொடுக்க முடியும். பிறகு சீசன் முடியும்வரை வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் விட்டுவிட வேண்டும். கேரட் டெம்பிள் 2009-10 என்ற ஒரே சீசனில் ஹூஸ்டன், சாக்ரமெண்டோ, சான் அன்டோனியோ என்று மூன்று அணிகளைப் பார்த்தவர். பின்னர் இத்தாலிக்குப் போய் ஆடினார்; திரும்பி வந்து வாஷிங்டனில் நிலைகொண்டார். அவர் பிழைத்தார். அதே வழியில் உள்ளே வந்து இருபது நாளில் வெளியேறியவர்களின் பெயர்களை எந்த அணியின் ரசிகராலும் இன்று சொல்ல முடியாது. லீகின் ஓய்வூதிய உரிமைக்கு மூன்று சீசன் பணி வேண்டும் என்ற விதியை வைத்துப் பாருங்கள். அந்த மூன்றை எட்டாமலே போனவர்கள் பலர்.

எட்டியவர்களுக்கும் இந்த வாழ்க்கை எளிதன்று. சீசன் நடுவில் மாற்றப்பட்டால் 48 மணி நேரத்துக்குள் புதிய அணியிடம் போய்ச் சேர வேண்டும். இடமாற்றச் செலவையும் சில வாரத்து ஓட்டல் செலவையும் புதிய அணி ஏற்கும் என்பது உண்மைதான். வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளி, பாதியில் நிற்கும் மருத்துவம் ஆகியவற்றை யாரும் ஏற்க மாட்டார்கள். இலட்சக்கணக்கில் டாலர் வாங்குபவருக்கு என்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. பணம் இருப்பதால் பிப்ரவரி மாதத்தில் குழந்தைக்குப் புதிய நண்பர்கள் கிடைத்துவிட மாட்டார்கள்.

கேட்டவர்: கடைசிப்பெஞ்சு

மூவருக்கும் நன்றி. பிலடெல்பியா அவரைச் சும்மா விட்டுவிட்டு, பின் விலை கொடுத்து வாங்கிய கதை எனக்குத் தெரியாது. "ராசியில்லாதவர்" என்ற என் நண்பர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்லப் போகிறேன். பழைய ஸ்கோர்புக் அவர்கள் பிரித்துக் காட்டியதும் நியாயமாகவே படுகிறது. இரண்டு துணைக்கேள்விகள். டென்வர் 2023-ல் பட்டம் வென்றபோது ஸ்மித் அந்த அணியில் இருந்தார். அதில் அவருக்குப் பங்கு உண்டா, அல்லது வெறும் பார்வையாளரா? இந்த 13 என்ற எண்ணை வேறு யாராவது தாண்ட வாய்ப்புண்டா?

பதில்: கணக்குப்பிள்ளை

முதல் கேள்விக்கு: அவர் டென்வருக்கு வந்ததும் ஒரு கொசுறாகத்தான். 2022 ஜூலையில் டென்வர் விரும்பியது காப்பாட்டத்திலும் தொலைவெறிதலிலும் வல்லவரான கெண்டேவியஸ் கால்டுவெல்-போப்பை. வாஷிங்டன் அவரோடு ஸ்மித்தையும் அனுப்பி, மாண்டே மோரிஸையும் வில் பார்ட்டனையும் பெற்றது. ஆனால் இம்முறை கொசுறுக்கும் ஒரு வேலை இருந்தது. முதன்மை பாயிண்ட் கார்டு ஜமால் மரே முழங்கால் தசைநார் அறுந்து அதற்கு முந்தைய சீசன் முழுவதும் ஆடவில்லை. அவர் இல்லாத நாட்களில் பந்தைச் சுமந்தவர் மோரிஸ். மோரிஸைக் கொடுத்துவிட்டு, திரும்பி வரும் மரேயை எல்லா இரவும் ஆடவைக்கவும் முடியாத நிலையில், அனுபவமுள்ள மாற்று பாயிண்ட் கார்டு ஒருவர் அணிக்குத் தேவைப்பட்டார். வழக்கமான சீசனில் ஸ்மித் அந்த வேலையைச் செய்தார். சில இரவுகள் ஆடினார், பல இரவுகள் ஆடவில்லை.

2023 பிப்ரவரியில் அணி இன்னொரு பாயிண்ட் கார்டைச் சேர்த்தது. வந்தவர் ரெஜி ஜாக்சன். டெட்ராய்ட்வாசி அவர்கள் குறிப்பிட்ட அதே ஜாக்சன்தான். இவர்கள் இருவருக்கும் உள்ள தொடர்பு அதற்கும் பழையது. 2014-15-ல் ஓக்லஹோமா சிட்டியில் இருவரும் சக ஆட்டக்காரர்கள். 2015 பிப்ரவரி 19 அன்று, ஒரே நாளில், இருவரும் அங்கிருந்து அனுப்பப்பட்டார்கள். டெட்ராய்ட் ஜாக்சனுக்குப் பெரிய ஒப்பந்தம் கொடுத்து முதன்மை இடத்தில் வைத்தது. மறுபக்கம் ஸ்மித் மூன்று நாளில் இரண்டு அணி மாறினார். பின்னர் டெட்ராய்ட்டில் ஜாக்சனுக்கு மாற்றாக இவர். எட்டு ஆண்டு கழித்து டென்வரில் இருவரும் ஒரே பெஞ்சின் கடைசியில். பிளே-ஆஃபில் பயிற்சியாளர் மைக்கேல் மலோன் எட்டுப் பேரைச் சுற்றியே ஆடினார். ஜாக்சனுக்கும் ஸ்மித்துக்கும் முடிவு தெரிந்துவிட்ட ஆட்டங்களின் இறுதி நிமிடங்களைத் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை. ஜூன் 12 அன்று மயாமியை 94-89 என்று வென்று டென்வர் தன் வரலாற்றின் முதல் பட்டத்தைப் பெற்றது. களத்தில் அதற்கு ஸ்மித்தின் பங்கு சிறியதே. அதைப் பெரிதாக்கிச் சொல்வது அவருக்கே மரியாதை ஆகாது. குளிர்காலத்தில் மரேக்கு ஓய்வு தர முடிந்தது என்பதில் கொஞ்சம் உண்டு, அவ்வளவுதான்.

பட்டம் வென்ற பிறகும் அவருக்கு ஒப்பந்தம் காத்திருக்கவில்லை. 2023 அக்டோபரில், சீசன் தொடங்கிவிட்ட நேரத்தில், சார்லட் அவரை அழைத்தது. அது அவர் பிறந்த ஊர். 2021-ல் ஒருமுறை அவரைச் சேர்த்து, 2022 பிப்ரவரியில் மாண்ட்ரெஸ் ஹாரலை வாங்குவதற்காக வாஷிங்டனுக்கு அனுப்பியதும் அதே அணிதான். சொந்த ஊர்க்காரர் என்பதற்காக லீகில் யாரும் யாரையும் தாங்கிப் பிடிப்பதில்லை.

இரண்டாவது கேள்விக்கு: முன்பைவிட இனி இது கடினம் என்று நினைக்கிறேன். காரணம் 2017-18-ல் வந்த இருவழி ஒப்பந்தம். இப்போது ஒவ்வோர் அணியும் 15 பேருக்கு மேல் மூன்று இளைஞர்களை இந்த ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்ளலாம். அவர்கள் துணை லீகிலும் முதன்மை அணியிலும் மாறி மாறி ஆடுவார்கள். முதன்மை பாயிண்ட் கார்டுக்குக் காயம் என்றால், முன்பு வெளியிலிருந்து ஸ்மித்தைப் போன்ற ஒருவரைத் தேடிய அணி, இன்று தன் துணை அணியிலிருந்தே ஒரு 22 வயதுக்காரரை வரவழைத்துக்கொள்கிறது. அவருக்கு ஆட்டத்திட்டம் ஏற்கெனவே தெரியும், செலவும் குறைவு.

ஆனால் எதிர்த்திசையில் இழுக்கும் விதியும் ஒன்று இருக்கிறது. குறைந்தபட்ச ஊதியம் பணி ஆண்டுக்கு ஏற்ப உயரும். ஆனால் மூன்று ஆண்டு அல்லது அதற்கு மேல் பணி உள்ளவர் குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஓராண்டு ஒப்பந்தம் செய்தால், இரண்டு ஆண்டுப் பணிக்காரருக்கு உரிய தொகைக்கு மேற்பட்டதை லீகே ஏற்றுக்கொள்ளும். மூத்தவர் விலை கூடியவர் என்பதற்காக ஒதுக்கப்படாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. இதனால்தான் முப்பதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுதோறும் ஓர் ஊரில் இடம் கிடைக்கிறது, அடுத்த ஆண்டு வேறோர் ஊர். டெம்பிளும் டொராண்டோவோடு 12-ஐ எட்டிவிட்டார். அவரைப் போன்ற ஒருவர் இரண்டு பிப்ரவரிகளில் யாராவது பெரிய பெயரோடு சேர்த்து அனுப்பப்பட்டால் கணக்கு மாறிவிடும்.

பதில்: டெட்ராய்ட்வாசி

ஒரு சிறு சேர்க்கை மட்டும். சாதனைப் பட்டியலில் 13 என்று வருவது அவர் களமிறங்கிய அணிகளின் எண்ணிக்கை. ஆடாத இடங்கள் அதில் சேராது. 2015 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் அவரை ஏட்டில் வைத்திருந்ததும், அந்த அக்டோபரில் வாஷிங்டன் முகாமில் அவர் ஓடியதும் கணக்கில் இல்லை. இரண்டு அணிகளுக்கும் பின்னர் உண்மையாகவே ஆடியதால் எண் மாறவில்லை. பெட்டி கட்டிய தடவைகளை எண்ணினால் 13-ஐ எளிதாகத் தாண்டும்.